பேரப்பிள்ளைக்கு லைசென்ஸ்

பந்தயக் கார் ஓட்டுகிற ஒருவருக்கு நான் கார் ஓட்டப் பழக்கினேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். சிரித்து முடிந்ததும், பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். அதற்கு நான் இதுவரை யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் அப்பாவில் கோபம் வந்துவிடும், கோபத்தோடு கதைக்கிற கதையை யாரும் முழுதாகக் கேட்பதில்லை.

டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில் எனக்கு ஒரு ட்ரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ஸ்கூல் என்றதும் கட்டடம், மணி என்று நினைக்கவேண்டாம். கூரையில் பலகை பூட்டிய ஒரு கார், வீதிச் சட்டம் படிப்பிக்க வாடகைக்கு எடுத்த ஓர் அறை, நான். அவ்வளவுதான். தொடங்கியவர் அப்பா. இந்தப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவர் அவர். விடியவே தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கும், வயதானவர்களைப் பராமரிக்க வீடு வீடாக ஓடுகிறவர்களுக்கும் இங்கே கார் இல்லையென்றால் கையொடிந்த மாதிரி. அதனால் அப்பாவுக்குக் கிடைத்த மரியாதை கோயில் ஐயருக்கும் கிடைத்ததில்லை. முழங்கால் தேய்ந்து அவர் ஓய்வெடுத்தபோது கார்த் திறப்பு என் கைக்கு வந்தது. மரியாதை அவரிடமே இருந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியும் நான் மாஸ்டரின் மகள்தான். நன்றாகப் பழக்கினால், அப்பாவின் இரத்தம் அல்லவா என்பார்கள். யாராவது சோதனையில் தவறினால், மாஸ்டரிடம் பழகியிருக்கலாம் என்பார்கள்.

அந்தப் பந்தயக்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், வந்தது ஒரு நவம்பர் மாதம். நடந்து வந்தார். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினார். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். டெனிஷில் தொடங்கி, தடுமாறி, இங்கிலீஷுக்கு மாறினார். இங்கே வந்து பல வருடமாகிறது, லைசென்ஸ் பறிபோய்விட்டது, தடைக்காலம் முடிந்தது, இனித் திரும்பச் சோதனை எடுக்கவேண்டும் என்றார். வேறோர் இடத்தில் பழகி இரண்டு தரம் தவறியிருக்கிறார். அந்த இடத்தில் பழக்கியவர் இவரோடு நின்று படம் எடுப்பதிலேயே குறியாக இருந்தாராம், ஒரு பிழையும் திருத்தவில்லையாம்.

“எப்படிப் பறிபோனது?” என்று கேட்டேன்.

“விமான நிலையத்திலிருந்து வரும்போது நெடுஞ்சாலையில் வேகமாக வந்தேன்.”

எவ்வளவு வேகம் என்று கேட்டேன். சொன்னார். கையிலிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கார் ஓட்டுகிறேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் சாப்பிடும்போது அவருடைய குடும்பப் பெயரை அப்பாவிடம் சொன்னேன். எனக்குப் பந்தயம் என்றால் சத்தமும் புகையும்தான், அந்தப் பெயர் எனக்கு வெறும் பெயர். அப்பா சோற்றுக் கையோடு எழும்பிவிட்டார்.

“ஆரின்ரை பிள்ளை எண்டு கேட்டனியே?”

“நான் என்னத்துக்கு அப்பா அதைக் கேக்கிறது?”

“அடி விசரி, அந்தப் பேரிலை உலகத்திலை ஒரு குடும்பந்தான் இருக்கு. அவரின்ரை அப்பப்பா எத்தினை கோப்பை தூக்கினவர் தெரியுமே? தகப்பனும் அப்பிடித்தான். சித்தப்பன் ஒருத்தரும் ஓடினவர். அந்த வீட்டுப் பிள்ளை என்ரை ஸ்கூலிலை!”

என்ரை ஸ்கூல் என்றுதான் சொன்னார்.

முதல் நாள் பாடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனிதருக்கு ஓட்டத் தெரிந்ததுதான் பிரச்சினை. இடது காலால் பிரேக் பிடித்தார். வட்டச் சந்தியில் வெளியே போய், உள்ளே வெட்டி, திரும்ப வெளியே வந்தார். வீதியின் முழு அகலமும் தகப்பன் எழுதி வைத்த காணி என்ற நினைப்பு. இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்தால் போதும், கேட்டுக் கேள்வியில்லாமல் நுழைந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் அது சரியாகத்தான் இருந்தது. எங்கும் முட்டவில்லை, தேய்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த நான் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சோதனை எடுத்தவர்களும் அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அவர் தலையைத் திருப்பமாட்டார். டென்மார்க்கில் வலது பக்கம் திரும்புவதென்றால் முதலில் தோளுக்கு மேலால் பார்க்கவேண்டும். பக்கத்தில் சைக்கிள் பாதை போகிறது, அதில் வருகிறவருக்கு வழி விட்டபிறகுதான் நாங்கள். முன்னால் பூட்டிய பெட்டியில் நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற தாய்மார் இருக்கிற நாடு இது. ஒருநாள் மழைத் தூறலில் அவர் வலது பக்கம் வெட்டினார். நான் என் பக்கத்துப் பிரேக்கை ஏறி மிதித்தேன். ஒரு கிழவர் சைக்கிளோடு எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு போனார். போகும்போது கூரையில் ஓங்கி ஒரு தட்டு.

நான் தமிழில் ஏசினேன். எனக்கு உண்மையாகப் பயம் வந்தால் தமிழ்தான் வரும். கண் என்ன பிடரியிலா இருக்கிறது, ஆளைக் கொல்லவா வந்தனீர் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவர் வெளிறிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“நான் அவரைக் காணவில்லை” என்றார். “பின்னால் வருகிறவனைப் பார்த்தால் தோற்றுவிடுவாய் என்று அப்பா சொல்லித் தந்தார். ஐந்து வயதில் சொல்லித் தந்தார்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தார். நான் கேட்டதில்லை. காருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதருக்கு வாய் திறந்துவிடுகிறது, இது எனக்குத் தொழிலில் பழகிய விஷயம். விவாகரத்து முதல் வேலை போனதுவரை எல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர் சொன்னது அவருடைய ஓட்ட வாழ்க்கையை.

சின்னக் கார்களில் ஓடிய காலத்தில் வென்றபோது பத்திரிகைகள் பாட்டனாரின் படத்தைப் பெரிதாகவும் இவருடைய படத்தைச் சின்னதாகவும் போட்டனவாம். தோற்றபோது இவருடைய படத்தை மட்டும் போட்டனவாம். உலகமே பார்க்கிற அந்தப் பெரிய பந்தயத்தின் காரை ஒரே ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். காலை முழுதும் நல்ல வேகம் ஓடியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோது, பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருத்தன் அதே காருக்குள் ஏறி இருந்தானாம். பின்னேரம் பார்ப்போம் என்றார்கள். அந்தப் பின்னேரம் வரவேயில்லை. பிறகு இரவு பகலாக ஓடுகிற நீண்ட பந்தயங்கள், பிறகு ஜப்பான், பிறகு ஒரு காயம். கடைசியாக எங்கள் பக்கத்துப் பந்தயக் குழு ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். இங்கே வார இறுதியில் ஓடுவார்கள், சனம் சொசேஜ் தின்றுகொண்டு பார்க்கும். அதிலும் அவர் நடுவில்தான் வந்துகொண்டிருந்தார்.

“விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்தானே” என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு இப்படிக் கேட்கிற பழக்கம் இருக்கிறது.

“வேறு என்ன?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் ஏதாவது பதில் இருக்கிறதா என்று பார்த்தார். முன்னால் விளக்கு பச்சையாகியது, போங்கள் என்றேன்.

ஜனவரியில் ஒரு பாடத்தை அவர் வீட்டு வாசலில் தொடங்கினோம். அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழே ஒரு புதுக் கார் நின்றது. நாலு பக்கமும் பெரிய எழுத்தில் ஒரு கம்பனியின் பெயர். ஊருக்கு வெளியே குழந்தைகளைக் காரில் இருத்துகிற இருக்கைகள் செய்கிற கம்பனி அது, எங்கள் ஆட்கள் பலர் அங்கே உறை தைக்கிறார்கள். விடிய விடியப் பனி கொட்டியிருந்தது, வரிசையில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளை மேடாகக் கிடந்தன. இந்தக் கார் மட்டும் துடைத்துத் துப்புரவாக நின்றது. கண்ணாடியில் ஐஸ் சுரண்டிய அடையாளம்.

“யாருடையது?” என்று கேட்டேன்.

என்னுடையது என்றார். பிறகு, கொஞ்சத் தூரம் போனதும், காரை ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டு, ஒரு சுப்பர்மார்க்கெட் தரிப்பிடத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார்.

இந்த வருடம் பந்தயக் குழுவில் அவர் ஓடுகிற ஆசனத்துக்குக் காசு கொடுப்பது அந்தக் கம்பனி. அவர்கள் வாங்கியது வேகத்தை அல்ல, அந்தக் குடும்பப் பெயரை. பாட்டனாரும் தகப்பனும் ஓடிய வேகத்தில் ஓடுகிறவர், தன் பிள்ளையை இருக்கையில் பூட்டி வீதியில் பத்திரமாக ஓட்டிக்கொண்டு போகிறார் என்று விளம்பரம். அவருக்குப் பிள்ளை இல்லை, யாருடைய பிள்ளையையாவது இருத்துவார்கள். ஏப்ரலில் படம் எடுப்பார்கள், பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போய் வீதிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசவேண்டும். லைசென்ஸ் பறிபோனதை அவர் அவர்களிடம் சொல்லவில்லை. லைசென்ஸ் பறிபோனால் எல்லாம் முறியும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏப்ரலுக்குள் லைசென்ஸ் கையில் வந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இந்தக் கார் அவர்கள் ஓடித் திரியக் கொடுத்தது. அந்த வீதியால் கம்பனி ஆட்கள் போய்வருவார்கள். அதனால் தினமும் விடிய எழும்பிப் பனியைத் தள்ளி, ஐஸைச் சுரண்டி, ஓடின கார் மாதிரி நிறுத்திவிட்டு, பஸ்ஸில் போகிறார்.

“இது போனால் ஆசனம் போகும். இந்த வயதில் இனி யாரும் எனக்கு ஆசனம் தரமாட்டார்கள்” என்றார். “எங்கள் வீட்டில் யாரும் தாங்களாக இறங்கியதில்லை. பாட்டனார் காருக்குள் செத்தார். அப்பாவை டொக்டர்மார் இறக்கினார்கள். நான் சைக்கிள்காரருக்கு வழி விடத் தெரியாமல் இறங்கப்போகிறேன்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. இறங்குங்கள், இந்த ஸ்டீயரிங்கை இனிக் கொஞ்ச நாள் தொடவேண்டாம் என்று சொன்னேன்.

அடுத்த நாளிலிருந்து அவரை என் சைக்கிளில் ஏற்றினேன். சோதனைக்குக் கொண்டுபோகிற அதே வீதிகள், அதே வட்டச் சந்திகள். அவர் சைக்கிள் பாதையில் மிதித்துப் போவார், நான் காரில் பக்கத்தால் போய், அவருக்கு முன்னால் வலது பக்கம் திரும்புகிற மாதிரி வருவேன். ஹேர்னிங்கின் குளிர்காற்று சும்மா காற்றல்ல, ஆளைத் தூக்கி வைக்கும். முதல் தரம் நான் வெட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது அவர் சைக்கிளோடு புல்லில் விழுந்தார். எழும்பி நின்று என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரைக் கண்டு பயந்திருந்தார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு தலை திரும்பத் தொடங்கியது.

அப்பாவுக்கு அந்தக் குளிர்காலம் ஒரு கொண்டாட்டம். பாடம் முடிந்து பிரெஞ்சுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து கை சூடேற்றுவார். அப்பா இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார். “வா பேரப்பிள்ளை, இரு” என்று தமிழில் சொல்லித்தான் கதிரையைக் காட்டுவார். பிறகு தனக்குத் தெரிந்த டெனிஷில் பாட்டனாரைப் பற்றிக் கேட்பார். எந்தப் பந்தயத்தில் எந்த வளைவில் யாரை முந்தினார், கையுறை என்ன நிறம், உண்மையிலேயே ஓடுவதற்கு முன் ஒன்றும் சாப்பிடமாட்டாரா. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய பதில்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை.

“அப்பா, இந்த விஷயம் வெளியிலை போகக்கூடாது” என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். கம்பனி, ஒப்பந்தம் எல்லாம் விளக்கிச் சொன்னேன்.

“என்னட்டை வந்த கதை எப்ப வெளியிலை போனது?”

எப்போது போகாமல் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

பெப்ரவரியில், எங்களிடம் வந்தபிறகு முதல் சோதனை. தோள் பார்த்தார், சைக்கிளுக்கு நின்றார், வட்டச் சந்தியில் குழந்தைப்பிள்ளை மாதிரிப் போனார். வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன வீதியில், வலது பக்கத்திலிருந்து வந்த காருக்கு வழி விடவேண்டிய இடத்தில், அந்தக் கார் மெதுவாக வருவதைக் கணக்குப் பார்த்து முன்னே போய்விட்டார். கணக்கு சரி. சட்டம் பிழை. இறங்கி வந்தபோது முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது. சோதனை எடுத்தவர் நல்ல மனிதர், மிகத் திறமையாக ஓட்டுகிறீர்கள், வருத்தமாக இருக்கிறது என்று கை கொடுத்துவிட்டுப் போனார். அந்த வார்த்தைதான் அவரைச் சாய்த்துவிட்டது. தரிப்பிடத்துச் சுவரோடு குந்தி இருந்து தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த மாணவி வந்து காருக்குள் ஏறிக் காத்திருந்தாள், என்னால் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

மார்ச் கடைசியில் இன்னொரு நாள் கிடைத்தது. அதற்குப் பிறகு கிடைத்தால் அது விளம்பரப் படப்பிடிப்புக்குப் பின்னால்தான். இடையில் ஒவ்வொரு நாளும் ஓட்டினோம். எனக்குப் பொறுமை குறைவு என்று என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அந்த மாதம் என்னிடம் இருந்த பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் தூங்குவதில்லை என்று முகத்தில் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போனது. சந்தி வரும்போது வாய்க்குள் முணுமுணுப்பார், வலது, தோள், சைக்கிள், வலது, தோள், சைக்கிள். நானும் அவரோடு சேர்ந்து முணுமுணுப்பேன். ஒருநாள் கடையில் சாமான் தள்ளுகிற வண்டியோடு திரும்பும்போது நான் தோளுக்கு மேலால் பார்த்தேன், அவ்வளவுக்கு வந்துவிட்டது.

சோதனை நாள் அப்பாவும் வந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தேத்தண்ணிப் போத்தலும் ஒரு பெட்டி லட்டுமாகப் பின் இருக்கையில் ஏறி இருந்துவிட்டார். பிரெஞ்சுக்காரரும் சோதனை எடுப்பவரும் போனபிறகு நானும் அப்பாவும் தரிப்பிடத்தில் காற்றில் நின்றோம். அப்பா ஏதேதோ கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அந்த வீதிகளை நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது பள்ளிக்கூடத்தடி, இப்போது அந்தச் சின்ன வீதி.

கார் திரும்பி வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மற்றப் பக்கத்தால் இறங்கிய சோதனை எடுப்பவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தேறிவிட்டார்.

சந்தோஷம் என்பதைவிட, மூச்சு வந்தது என்று சொல்லலாம். அப்பா லட்டுப் பெட்டியைத் திறந்து அவர் வாயில் ஒன்றைத் தன் கையாலேயே வைத்தார். பிறகு, எங்களிடம் பழகித் தேறுகிற எல்லோரையும் போல அவரையும் காருக்கு முன்னால் நிற்கவைத்து, கூரைப் பலகை தெரிய ஒரு படம் எடுத்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குளிர்காலம் முழுதும் நான் கண்ட ஒரே சிரிப்பு அது.

“அப்பா, இது ஃபோனிலையே இருக்கட்டும். ஒரு இடத்திலையும் போடக்கூடாது.”

“ஓம், ஓம். எனக்குத் தெரியும்.”

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்தக் கம்பனியில் உறை தைக்கிற ஒருவர். அப்பாவிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவர், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர்.

“அக்கா, நான் சந்தோசத்திலைதான் காட்டினனான்” என்று தொடங்கினார்.

எங்கள் ஊர்த் தமிழர்கள் எல்லோரும் இருக்கிற ஃபோன் குழுவில் அப்பா படத்தைப் போட்டு வாழ்த்து எழுதியிருக்கிறார். இவர் கன்டீனில் சாப்பிடும்போது அதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து மேசையில் முதலாளி இருந்திருக்கிறார். எங்கள் கம்பனியின் காரோட்டியைப் பழக்கியது எங்கள் ஊர்த் தமிழ் மாஸ்டர் என்று பெருமையோடு ஃபோனை நீட்டியிருக்கிறார். முதலாளியும் முதலில் சந்தோஷமாகப் பார்த்திருக்கிறார். பிறகு, ஓட்டத் தெரிந்தவர் ஏன் ட்ரைவிங் ஸ்கூல் காருக்கு முன்னால் நிற்கிறார் என்று கேட்டிருக்கிறார். இவருக்குத் தெரிந்ததை இவர் சொல்லியிருக்கிறார். இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறார் என்று.

நான் காரை வீட்டுக்கு விட்டேன். அப்பா வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அப்பாவிடம் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. சொன்னேனா இல்லையா, ஒருத்தருக்கும் காட்டக்கூடாது என்று சொன்னேனா இல்லையா.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

“நான் ஒருத்தருக்கும் காட்டேல்லையே பிள்ளை. எங்கடை ஆக்களுக்குத்தான் காட்டினனான். தமிழிலைதானே போட்டனான்.”

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும், தமிழ் என்றால் உள்வீடு. பஸ்ஸில் முன் இருக்கைக்காரனின் மூக்கைப் பற்றிச் சத்தமாகக் கதைக்கலாம், கடையில் விற்பனைக்காரியின் உடுப்பைப் பற்றிச் சொல்லலாம், கதவு பூட்டியிருக்கிறது. இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தோம். அப்பா எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபிறகு என்னால் கத்தவும் முடியவில்லை.

பின்னேரம் பிரெஞ்சுக்காரர் வந்தார். நடந்து வந்தார். கம்பனி உடனேயே ஆளை அனுப்பிக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆசனம் இல்லை என்று பந்தயக் குழுவும் சொல்லிவிட்டது. லைசென்ஸ் மட்டும் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் அப்பாவுக்கு எதிரே இருந்து, அந்த வாழ்த்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வழக்கமாக இப்படியானவற்றை மேடையில் நிற்கிற மாதிரி வாசிப்பவர், அன்று குரல் எழும்பவில்லை. பிரான்ஸ் தேசத்தின் புகழ்பூத்த பந்தய வீரர் அமரர் இன்னாரின் அன்புப் பேரனும், உலகப் புகழ் வெற்றி வீரர் இன்னாரின் பாசமிகு புதல்வனும், இன்னாரின் பெறாமகனுமானவர், எமது பாடசாலையில் பயின்று சித்தியடைந்ததையிட்டுப் பெருமகிழ்வடைகிறோம். கீழே எங்கள் ஸ்கூலின் பெயர், அப்பாவின் பெயர். நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். தமிழ் தெரியாவிட்டாலும் பெயர்கள் வருகிற இடங்களில் அவர் தலை நிமிர்ந்தது. பாட்டனார், தகப்பன், சித்தப்பா. முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

“என்னுடைய பெயர் எந்த இடத்தில் வந்தது?”

நான் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன்.

“அது தேவையில்லைத்தானே பிள்ளை” என்றார் அப்பா மெதுவாக. “அப்பப்பாவின்ரை பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் விளங்கும்தானே.”

பிரெஞ்சுக்காரர் நான் மொழிபெயர்க்கக் காத்துக்கொண்டிருந்தார். அதை எப்படியாவது மாற்றிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த ஒருநாளில் அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் கதைத்தது போதும் என்றிருந்தது. அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

“ஓம்” என்றார். அந்த ஒரு சொல்லை அவர் எங்கள் வீட்டில் பழகியிருந்தார். பிறகு இங்கிலீஷில், “அவர் சொல்வது சரி. எல்லோருக்கும் விளங்கியது” என்றார். எழும்பி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னிடம், நீங்கள் நன்றாகப் பழக்கினீர்கள் என்று சொன்னார். எங்கே கொண்டுபோய் விட என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ஓர் இடமும் சொல்லாமல், வேண்டாம், நடக்கிறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் யன்னலடியில் நின்றேன். அப்பா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தார். வெளியே அவர் எங்கள் ஒழுங்கையின் முடிவுக்குப் போய்விட்டிருந்தார்.

“பிள்ளை” என்றார் அப்பா. “அந்தத் தம்பிக்கு என்ன பேர்?”

சொன்னேன். எங்கள் வாய்க்குக் கொஞ்சம் வராத பெயர். அப்பா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.